பிக்கப்பின் குடலை எடுத்த கதை

1

நான் ஆஸ்திரேலியாவுக்கு வந்து பதினோரு வருஷம் நிறைந்த அன்று, என் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடியில் ஒரு போலீஸ்காரர் மஞ்சள் தாள் ஒன்றை ஒட்டினார். வீட்டில் என் மனைவி ஜெசிந்தா கேசரி கிண்டி வைத்திருந்தாள். வந்த நாளை அவள் வருஷா வருஷம் கேசரியோடு கொண்டாடுவாள். நான் மஞ்சள் தாளோடு போய்ச் சேர்ந்தேன்.

போலீஸ்காரர் சின்ன வயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார்.

"இந்தச் சத்தம் உங்கள் வண்டியிலிருந்துதான் வருகிறதா?"

"யெஸ் சார்."

"சைலன்சரில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா?"

"யெஸ் சார்."

"உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டீர்களா?"

"யெஸ் சார்."

"சட்டப்படி தவறு என்று தெரிந்தே செய்தீர்களா?"

"யெஸ் சார்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய உத்தியோகத்தில் இவ்வளவு ஒத்துழைப்பை யாரும் தந்ததில்லை போலிருக்கிறது. யூனிஃபார்ம் போட்டவர் எது கேட்டாலும் எனக்கு இந்த ஒரு சொல்தான் வரும். பதினோரு வருஷத்தில் என் இங்கிலீஷ் வளர்ந்த இடம் அது மட்டும்தான்.

தாளில் இருந்தது இதுதான். பதினாலு நாளைக்குள் வண்டியைச் சரிசெய்து, சோதனை நிலையத்தில் காட்டிப் பாஸ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் வண்டியின் பதிவு நின்றுவிடும். நான் திராட்சை ஏற்றிப்போக வேண்டிய பெரிய அறுவடை சரியாகப் பதினைந்தாம் நாள் தொடங்குகிறது.

அந்த வண்டி எனக்கு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். ஜெசிந்தா நர்ஸ். விசா அவளுக்கு வந்தது. அந்த விசாவில் 'உடன் வருபவர்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி நான். வீட்டு ஒப்பந்தம், பேங்க், மகள் ரோஸியின் பள்ளிக்கூடம், எந்தத் தாளை எடுத்தாலும் அவள் பெயர் முதலில் இருக்கும். என் பெயர் இரண்டாவதாக இருக்கும் அல்லது இருக்காது. இந்த நாட்டில் சவரிமுத்து என்ற பெயர் தனியாக, முதலாவதாக அச்சாகியிருப்பது அந்தப் பழைய டீசல் பிக்கப்பின் பதிவுத் தாளில் மட்டும்தான். அதை மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

2

நாங்கள் இருப்பது தெற்கே ஒரு திராட்சை ஊர். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே வருஷத்துக்கு ஒரே அறுவடைதான். சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். அந்த வாரங்களில் வண்டி வைத்திருப்பவன் மனிதன். மற்ற நாளில் அவன் என்னைப்போல் கவாத்துக் கத்தரியோடு வரிசையில் நிற்கிறவன்.

தோட்டக்காரர் டெனிஸ் என்னிடம் முதல் முறையாக வண்டி வேலை கேட்டார். பழத்தொட்டியை டிரெய்லரில் ஏற்றி, மேட்டின் மேல் இருக்கும் எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டும். என் வண்டி ஒரு தொட்டியோடு போனால் மேடு ஏறும். இரண்டு தொட்டி வைத்தால் மூன்றாவது வளைவில் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றுவிடும்.

டெனிஸ் அதிகம் பேசுகிறவர் இல்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும். "நடைக்கு ஒரு தொட்டி என்றால் மீதிப் பழம் வெயிலில் வெந்துவிடும். இரண்டு ஏறினால் அறுவடை முடியும்வரை வேலை உனக்கு. இல்லையென்றால் வேறு வண்டி பார்க்கிறேன்" என்றார்.

நான் கம்பத்துக்கு போன் போட்டேன். அங்கே ஜெசிந்தாவின் அண்ணன் அந்தோணி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நான் இங்கே வரும்வரை அவரோடுதான் வேலை பார்த்தேன். போனில் பேச எனக்குக் கூச்சம் இல்லாத ஒரே ஆள் அவர். காரணம், அவர் நம்மைப் பேசவே விடமாட்டார்.

"மாப்ள, புகை என்னா நெறம்?"

"கருப்பு மச்சான்."

"டர்போ கூவுதா?"

"கூவுது. வண்டிதான் நகர மாட்டேங்குது."

"அப்ப காத்து உள்ள போகுது, வெளிய வரல. இதுக்குப் போயி போன் போட்டியாக்கும்? கம்பமெட்டு வைத்தியந்தான். குடலை உருவி எறி."

"இங்கன சட்டம் கிட்டம்னு சொல்லுவாக மச்சான்."

"அங்கன மேடு இருக்கா இல்லையா? மேட்டுக்கு எல்லா ஊருலயும் ஒரே சட்டந்தான். உருவு."

கம்பமெட்டு வைத்தியம் என்பது இதுதான். கம்பத்திலிருந்து மலைமேல் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் காலையில் வரிசையாக நிற்கும். உள்ளே எத்தனை பேர் என்று எண்ண முடியாது; கால்களை எண்ணி இரண்டால் வகுக்க வேண்டும். அந்தச் சுமையோடு கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். டிரைவர்கள் எங்களிடம் வந்து, "புல்லிங் இல்லண்ணே" என்பார்கள். நாங்கள் சைலன்சரின் வயிற்றைக் கிழித்து, உள்ளே சத்தத்தை அடக்குவதற்காக வைத்திருக்கும் தகடுகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துவிட்டு, வெளியே பழையபடி வெல்டு வைத்து மூடிவிடுவோம். பார்வைக்குச் சைலன்சர் இருக்கும். உள்ளே வெறும் டப்பா.

ஜீப் மலையையே அதட்டிக்கொண்டு ஏறும். டிரைவர்கள் முகம் மலர்ந்து திரும்பி வருவார்கள். நிஜமாகவே புல்லிங் கூடியதா என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. சத்தம் கூடினால் காலும் தானாக அழுத்தும் என்பது இப்போது தோன்றுகிறது.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, அதே வைத்தியத்தை என் வண்டிக்குச் செய்தேன். வெல்டு வைத்து மூடி, சாவியைத் திருப்பினேன். எதிர் வீட்டு மரத்திலிருந்த கிளிக்கூட்டம் மொத்தமாகக் கிளம்பி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால்தான் அந்தச் சந்தோஷம் புரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வறுமை என்று மற்றவர்களிடம் சொல்வதுண்டு. அது பாதிதான் உண்மை. எங்கள் ஊரில் மாதா கோயில் சாமியார் நடத்திய பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்தது. ஆறாம் வகுப்புக்கு உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏற வேண்டும். கூட்டத்தில் நின்றுகொண்டு கண்டக்டரிடம் ஊர்ப்பெயர் சொல்லி டிக்கெட் கேட்க வேண்டும். முதல் நாள் அதைக் கேட்க வாய் வராமல், டிக்கெட் இல்லாமலே போய், பயத்தில் இரண்டு நிறுத்தம் முன்பாகவே இறங்கி நடந்தேன். இரண்டாம் நாள் பஸ் ஏறவே இல்லை. கூச்சத்தால் படிப்பை விட்டவர்கள் இந்த உலகத்தில் வேறு யாராவது இருந்தால் அவர்களும் என்னைப்போல் வெளியே சொல்லாமல்தான் இருப்பார்கள்.

அப்படிப்பட்டவன் தெருவில் போகும்போது, இப்போது நாலு வீட்டு ஜன்னல் திறந்தது. கடைவாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வண்டி எனக்காகக் கத்தியது. காலை லேசாக அழுத்தினால் போதும்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். டெனிஸ் ஊரில் இல்லாத ஒருநாள் இரண்டு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மேட்டில் ஏற்றிப் பார்த்தேன். வண்டி பிரமாதமாக உறுமிக்கொண்டு போய், அதே மூன்றாவது வளைவில், அதே இடத்தில் நின்றது. முன்பு அமைதியாக நின்ற வண்டி இப்போது ஊரைக் கூட்டி நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் மச்சானிடம், "நல்லா ஏறுது" என்று சொன்னேன். நாலாம் நாள் மஞ்சள் தாள் வந்தது.

4

சோதனைக்கு நேரம் வாங்குவதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். ரோஸி நிரப்பித் தந்தாள். அவளுக்குப் பதினாறு வயசு. நான் சொல்கிற தமிழ் அவளுக்குப் புரியும். அவள் பேசுகிற தமிழில் பாதி எனக்குப் புரியாது. கடைசிக் கட்டத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, மாடிஃபிகேஷன் யார் பண்ணதுன்னு கேக்குது. நேம், குவாலிஃபிகேஷன்."

"முன்னாடி வண்டி வச்சிருந்தவருன்னு போடு ஆத்தா."

"ஆனா நீங்கதானே பண்ணீங்க? நான் பாத்தேனே. கிளியெல்லாம் பறந்துச்சு."

"போடு ஆத்தா."

போட்டாள். என் பெயர் ஒரு தாளில் முதலாவதாக வரக்கூடிய இரண்டாவது வாய்ப்பு. அதை நான் யாரென்றே தெரியாத ஒரு மனிதருக்குக் கொடுத்துவிட்டேன்.

பொய்யோடு நின்றிருந்தால்கூட மரியாதையாகப் போயிருக்கும். எங்கள் ஜீப் ஸ்டாண்டில் இன்னொரு வித்தை உண்டு. குமுளிப் பக்கம் சோதனைச் சாவடியில் சத்தம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், தேங்காய் நாரை நனைத்து, கம்பி சுற்றி, புகைக்குழாய் வாயில் திணித்துவிடுவார்கள். சத்தம் அடங்கிவிடும். ஒரு டீ குடிக்கிற நேரம் தாங்கும். சாவடி அதிகாரி அதற்குள், "செரி, போ" என்று சொல்லிவிடுவார். போன பிறகு நார் எரிந்து தானாக வெளியே வந்துவிடும்.

இங்கே தேங்காய் நாருக்கு எங்கே போவது? எங்கள் வீட்டு வாசலில் நார் மிதியடி ஒன்று கிடந்தது, நல்வரவு என்று இங்கிலீஷில் எழுதி. அதன் ஒரு மூலையைப் பிய்த்துக்கொண்டேன்.

சோதனை நிலையத்தில் எனக்காகப் பேச ரோஸி கூட வந்தாள். சோதனை அதிகாரி உயரமான அம்மாள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இன்ஜினை ஓடவிடச் சொன்னார். முதலில் விளக்குகளைப் பார்த்தார். பிறகு டயர், பிரேக், கதவுப் பூட்டு, ஒவ்வொரு சீட் பெல்ட்டாக. கம்பத்துக் கணக்கில் நாலைந்து டீ குடித்திருக்கலாம். கடைசியாக வண்டிக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"அப்பா, பழைய ஓனர் பண்ணதுன்னா வெல்டு ஏன் இவ்வளவு புதுசா இருக்குங்கிறாங்க."

"ஆமான்னு சொல்லு."

"அது பதில் இல்லப்பா."

அவர் புகைக்குழாய்க்குப் பின்னால் ஸ்டாண்டில் சத்தம் அளக்கும் மைக்கை நிறுத்தி, ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். குழாயிலிருந்து நெருப்புப் பிடித்த குருவிக்கூடு மாதிரி ஒன்று பறந்து போய் அவருடைய பூட்ஸ் பக்கத்தில் விழுந்து புகைந்தது. அப்புறம் வண்டி தன் சொந்தக் குரலில் கத்தத் தொடங்கியது.

அவர் பதறவில்லை. பூட்ஸால் மிதித்து அணைத்தார். குறடால் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டார். பைமேல் ஏதோ எழுதினார். ரோஸி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா. இது நம்ம வீட்டு டோர்மேட்டா?"

"தெரியலையே."

"டபிள்யூ எழுத்துல பாதி இருக்குப்பா."

அந்த அம்மாள் கேட்டார். ரோஸி, "இது என்ன, எதுக்கு வச்சீங்கன்னு கேக்குறாங்க" என்றாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரோஸி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவரிடம் ஏதோ சுருக்கமாகச் சொன்னாள்.

"என்ன ஆத்தா சொன்ன?"

"எங்கப்பாவையே கேளுங்கன்னு சொன்னேன்."

அந்த அம்மாள் 'தோல்வி' என்று எழுதி, கடைசி நாளுக்கு முதல் நாள் இன்னொரு முறை வரச் சொன்னார். திரும்பும்போது ரோஸி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "நெக்ஸ்ட் டைம் நான் வரலப்பா. உங்க வண்டி, நீங்க பண்ணது. நீங்களே சொல்லுங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருக்கலாம். அவள் களைத்துப்போய்ச் சொன்னாள்.

5

மச்சான் போனில் முதலில் ஐந்து நிமிஷம் சிரித்தார். பிறகு விசாரித்தார்.

"நாரை எடுத்து என்னா செஞ்சாக?"

"பையில போட்டு எழுதி வச்சுக்கிட்டாக."

"கோர்ட்டுக்கா?"

"தெரியல மச்சான்."

"அந்தம்மா டீ குடிக்காதவுக போலடா. சரி விடு, சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயில்ல ஒனக்கு ஒரு எள் விளக்கு போட்டுர்றேன்."

"நாம வேதக்காரக மச்சான்."

"அதெல்லாம் பாத்தா சனி புடிக்குது?"

அப்போதுதான், வண்டி இரண்டு தொட்டியோடு ஏறவில்லை என்ற உண்மையை அவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. "மொத்தக் குழாயையும் கழட்டித் தரையில போடு. எனக்கு வீடியோவுல காட்டு" என்றார்.

கழற்றிப் போட்டேன். குழாயை நிமிர்த்திப் பிடித்து மேல்வாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். தண்ணீர் விழுங்க முடியாமல் மேலேயே எக்கித் தளும்பியது. பின்அச்சுக்கு மேலே வளைந்து போகும் இடத்தில், கம்பெனி வளைத்தபோதே குழாய் நசுங்கிப் பாதியாகியிருந்தது. மீதிப் பாதியை உள்துரு அடைத்திருந்தது. சைலன்சரில் குடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காற்று அந்தக் கழுத்தைத் தாண்டினால்தானே?

மச்சான் போனில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

"ஏலே மாப்ள, எத்தன ஜீப்புக்குடா நாம குடலை எடுத்திருப்போம்?"

"எண்ணல மச்சான்."

"ஒண்ணுக்காவது கழுத்தப் பாத்தோமா?"

இப்போது பழையதைவிடக் கால் இஞ்ச் அகலம் கூடின குழாய் வாங்கி, நசுங்காமல் வளைக்க வேண்டும். அதற்கென மிஷின் வைத்திருக்கும் கடை இங்கே உண்டு. அங்கே போய் என்ன வேண்டும் என்று நாலு பேர் முன்னால் விளக்க வேண்டும். ஆகவே நான் மிஷின் இல்லாத வழியைத் தேர்ந்தெடுத்தேன். என் வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்ட வேலைகளில் பாதி, யாரிடமும் பேசாமல் தப்பிப்பதற்காகக் கற்றுக்கொண்டவை.

கம்பத்தில் மிஷின் கிடையாது. குழாய்க்குள் முல்லையாற்று மணலை நிரப்பி, இரண்டு வாயிலும் மரக்கட்டை அடித்து, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி மெல்ல வளைப்போம். உள்ளே மணல் இருப்பதால் குழாய் நசுங்க வழியில்லை. மணல் சொட்டு ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். இருந்தால் ஆவி கட்டி, மரக்கட்டை ஆளைத் தேடி வரும். இங்கே கடையில் வாங்கிய மணல் பையில் ஈரம் இருந்தது. ஜெசிந்தா கிறிஸ்துமஸுக்கு முறுக்குச் சுடும் பெரிய இரும்புக் கடாயை அடுப்பில் ஏற்றி வறுத்தேன்.

அவள் டியூட்டி முடிந்து வந்து அடுக்களை வாசலில் நின்றாள்.

"ஏங்க, அடுப்புல என்ன?"

"மணல்."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் திட்டத் தொடங்கினாள். திட்டிக்கொண்டே கரண்டியை வாங்கி, "அடி பிடிக்குது பாருங்க" என்று கிண்டியும் விட்டாள்.

முதல் குழாய் சுருங்கி வீணானது. மணலைத் தட்டித் தட்டி இறக்காமல் அவசரப்பட்டேன். இரண்டாவது, வளைவு சரியாக வந்து, எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அதைப் பற்றி எழுத விரும்பவில்லை. மூன்றாவது வந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வாய்க்கால் மடை திறந்த மாதிரி போனது. சட்டம் அனுமதிக்கிற முத்திரை உள்ள புதுச் சைலன்சரை அதோடு வைத்து வெல்டு செய்தேன். காற்று நேராகப் போகும். சுற்றியிருக்கும் பஞ்சு சத்தத்தை வாங்கிக்கொள்ளும்.

சாவியைத் திருப்பினேன். கிளிகள் அசையவில்லை. போனைக் குழாய்ப் பக்கம் காட்டினேன்.

"ஸ்டார்ட் பண்ணு மாப்ள" என்றார் மச்சான்.

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"சீ. இதுக்கா இம்புட்டுப் பாடு?"

அவர் சொன்னது விளையாட்டுக்கு. எனக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. இனிமேல் கடைவாசலில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஐம்பதை நெருங்குகிற ஒரு மனிதன், ஊரார் தன்னைக் கவனிக்கவில்லையே என்று வண்டிச் சைலன்சரைக் கிழித்தான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நாள் பிடித்தது. அதைக் காகிதத்தில் எழுத இன்னும் ஒரு மாதம்.

6

இரண்டாவது சோதனைக்குத் தனியாகப் போனேன். ஜெசிந்தா, "லீவு போட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வழியெல்லாம் வண்டிக்குள் சத்தமாகப் பேசிப் பழகினேன். சிவப்பு விளக்கில் பக்கத்து வண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் பாடுவதுபோல் தலையை ஆட்டினேன்.

அந்த அம்மாள் என் ஃபைலைத் திறந்தார். பிளாஸ்டிக் பை ஒரு கிளிப்பில் மாட்டியிருந்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, மறுபடியும் அதே கேள்வி. இது என்ன?

பழகியதெல்லாம் மறந்துவிட்டது. "தேங்காய்" என்றேன். அது போதவில்லை என்று தெரிந்தது. "தேங்காய் நார். சத்தம் நிற்பதற்கு. எங்கள் ஊரில் செய்வோம். தப்பு."

அவர் தலையை ஆட்டிவிட்டு விண்ணப்பத்தைப் புரட்டினார். மாற்றம் செய்தவர் பெயர் இருந்த கட்டத்தில் விரலை வைத்தார். நான் அவர் பேனாவைக் கேட்டு வாங்கினேன். 'பழைய உரிமையாளர்' என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். தகுதி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பு என்று எழுதினால் நன்றாக இருக்காது. "எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டார். "கம்பம்" என்றேன். "அது ஒரு கல்லூரியா?" என்றார். வாய் வழக்கப்படி 'யெஸ்' என்று திறந்தது. கஷ்டப்பட்டு மூடி, "இல்லை, ஊர்" என்றேன். என் இங்கிலீஷில் அதுவே முதல் 'நோ'.

வண்டிக்கு அடியில் வெகுநேரம் படுத்திருந்தார். வெளியே வந்ததும் அச்சுக்கு மேலிருக்கும் வளைவைப் பற்றிக் கேட்டார். மிஷின் பிடித்த தடம் இல்லையே, யார் வளைத்தது? நான் நெஞ்சில் கைவைத்தேன். எப்படி? நான் தரையில் குந்தி, சுண்ணாம்புக் கட்டியால் குழாய் வரைந்தேன். மணல் என்றேன். அடுப்பு என்றேன். கடாய்க்கு இங்கிலீஷ் தெரியாமல் கிளறிக் காட்டினேன். அவரும் குந்தி உட்கார்ந்து, ஈரம் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். "டுமீல்" என்றேன். அது எந்த நாட்டுக்கும் புரிகிற சொல். பதினோரு வருஷத்தில் நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான். கேள்வி நின்ற பிறகும் நான் நிறுத்தவில்லை.

மைக் வைத்துப் பார்த்தார். பாஸ். மஞ்சள் தாளை அவரே நகத்தால் கிழித்து எடுத்தார். பசை மட்டும் இன்னும் கண்ணாடியில் இருக்கிறது.

7

இரண்டு நாள் கழித்து அறுவடை. டிரெய்லரில் இரண்டு தொட்டி, இரண்டும் தலைதட்டப் பழம். டெனிஸ் மேட்டின் அடியில் கைகட்டி நின்றார். முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவதில் காலை முழுக்க அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. கியரைக்கூட இறக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், புகை இல்லை. டெனிஸ் கையை அவிழ்த்துவிட்டு அடுத்த தொட்டியை ஏற்றப் போய்க்கொண்டிருந்தார். அவர் வழக்கத்துக்கு அது பெரிய பாராட்டு.

மேலே எடைமேடையில் லிண்டா என்ற பெண் ஜன்னலுக்குள் உட்கார்ந்து எடை எழுதுவாள். என் வண்டி தண்ணீர்த் தொட்டிகளோடு மூன்றாவது வளைவில் உறுமி நின்றதை மேலிருந்து பார்த்தவள். அவள் கணவரிடமும் இதே வண்டி. அதுவும் இதே மேட்டில் நிற்கும். "இதற்கு என்ன செய்தாய்?" என்றாள். குழாய் மாற்றியதைச் சொன்னேன்.

"யார் செய்தது?"

முந்தாநாள் அரசாங்கத் தாளில் பெயர் எழுதிய வீரன் நான். என் வாய் சொன்னது: "என் மச்சான். கம்பத்தில் இருக்கிறார்."

"ஓ. தூரமா?"

"யெஸ்."

அவள் வருத்தமாகத் தலையாட்டிச் சீட்டைக் கொடுத்தாள். நான் கிளம்பி, ஒரு முப்பது அடி போயிருப்பேன். பழம் கொட்டும் இடத்துக்குத் திரும்ப வேண்டிய வளைவு அது. வண்டியை நிறுத்தினேன். அங்கே இறங்கி நடக்கக் கூடாது என்று பலகை இருக்கிறது. ரிவர்ஸ் போட்டேன்.

சுமையோடு டிரெய்லரைப் பின்னால் தள்ளுவது லேசு இல்லை. ஸ்டியரிங்கை ஒருபக்கம் ஒடித்தால் டிரெய்லர் மறுபக்கம் போகும். அடுத்த லாரி எடைமேடையில் முன்சக்கரத்தை ஏற்றியிருந்தது. அந்த டிரைவர் ஹாரன் அடித்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் அடித்தார். நான் முன்னே போய், பின்னே வந்து, கோணலாகி, மறுபடி முன்னே போனேன். லாரி வேறு வழியில்லாமல் பின்வாங்கியது. வரிசை முழுக்கத் தலைகள் வெளியே நீண்டன. கடைசியில் என் கதவு லிண்டாவின் ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது.

"ஏதாவது மறந்துவிட்டாயா?"

"நான்" என்றேன்.

"எது நான்?"

"குழாய். மச்சான் இல்லை. நான் செய்தது. உங்கள் வண்டிக்கும் செய்வேன்."

அவள் ஒருகணம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு சீட்டை எடுத்து, பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, பெயரைக் கேட்டாள். சவரிமுத்து என்பது இங்கிலீஷில் நீளமான பெயர். பின்னால் அத்தனை ஹாரனும் சேர்ந்து அடிக்க, ஒவ்வொரு எழுத்தாக, கடைசி எழுத்து வரைக்கும் சொன்னேன்.